அடித்தல் திருத்தல்: பல பேர் கைபடும் ஃபைலில் யார் எதை மாற்றினார்?

எங்கள் தெரு கேரம் கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று முடிவானபோது சண்டை போர்டில் வரவில்லை, பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளை எழுதும் ஃபைலில் வந்தது.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில் தகரக் கூரை, இரண்டு போர்டு, மேலே தாழ்வாகத் தொங்கும் பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். அவ்வளவுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழு பேர் தேறினார்கள். டிடிபி வேலை பார்க்கிறவள் என்பதால் பைலா டைப் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூகுள் டாக்ஸில் ஒரு ஃபைலைத் திறந்து, ஏழு பேருக்கும் லிங்க் அனுப்பி, "படிச்சுப் பாத்து திருத்தம் இருந்தா போடுங்க" என்றேன். என்னுடைய தப்பு அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பைலாவில் ஆண்டுச் சந்தா 300 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் திறந்து படித்தால் 500.

"யாருப்பா மாத்துனது?" என்றார் தலைவர். எல்லோரும் பொருளாளரைப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை ஏன் பாக்குறீங்க? அந்த முந்நூறை நான் தொடவே இல்ல." அரை மணி நேரம் கத்தல். கடைசியில் யாரோ, "அக்கா, கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டார்கள். முடியும். இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தோம். அவர்களுக்கு அன்றைக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

பாரிமுனைப் பக்கம் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா? கையால் எழுதிய காலத்துப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு சொல் தவறாகிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் பழைய சொல்லை இன்னும் படிக்கலாம். மேலே புதுச் சொல். பக்கத்தில் எழுதிக்கொடுப்பவரின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், இத்தனாவது பக்கம் இத்தனாவது வரியில் இன்னது அடித்து இன்னது எழுதப்பட்டது என்று ஒரு குறிப்பு. அடித்தல் திருத்தல் என்று இதைத்தான் சொல்வார்கள்.

வெறும் பழக்கம் இல்லை, சட்டமே அப்படித்தான். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20வது பிரிவை எடுத்தால் அதில் இரண்டு பாகம். முதல் பாகம்: வரிகளுக்கு நடுவே எழுதியது, காலியிடம், அழித்தது, மாற்றியது எதுவாக இருந்தாலும், எழுதிக்கொடுப்பவர் அங்கே கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டிருக்காவிட்டால் பதிவு அலுவலர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். இரண்டாம் பாகம்: அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவு செய்தால், அந்தத் திருத்தங்களை அலுவலர் தன்னுடைய பதிவேட்டிலும் குறித்து வைக்க வேண்டும். ஆக, ஒரு தடயம் தாளிலேயே இருக்கிறது. இன்னொன்று தாளுக்கு வெளியே, வேறொருவர் கையில் இருக்கும் ஏட்டில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த இரண்டுமே போய்விட்டன. டைப்ரைட்டரில் வெள்ளை மை தடவினாலாவது தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கலாம். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் போனது போனதுதான், அங்கே ஒரு எழுத்து இருந்தது என்பதற்கே சாட்சி கிடையாது. போன இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தவைதான் நாம் பார்க்கப்போகும் வசதிகள். ட்ராக் சேஞ்சஸ் என்பது தாளிலேயே இருக்கும் அடித்தல் திருத்தல். வெர்ஷன் ஹிஸ்டரி என்பது அலுவலரின் பதிவேடு. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டால் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத் தானாகவே தேடிக்கொள்ளலாம்.

கோடு போடும் வேர்டு

முதலில் எம்எஸ் வேர்டு. மேலே ரிவ்யூ என்ற டேபில் ட்ராக் சேஞ்சஸ் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் சரி. அதை ஆன் செய்த நிமிடத்திலிருந்து நீங்கள் அழிப்பது எதுவும் அழியாது. குறுக்கே கோடு விழும். புதிதாக டைப் செய்வது வேறு நிறத்தில் அடிக்கோட்டோடு வரும். சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் யார், எப்போது என்று காட்டும். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எடிட் மெனுவுக்குள் இதே பெயரில் இதைப் பார்க்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சிவப்புல இருக்கிறதெல்லாம் செயலாளர் போட்டது" என்று கிளப்பில் ஒருவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அப்படிக் கணக்கு வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு நிறத்தை வேர்டு தானாகக் கொடுக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் சிவப்பாக இருப்பவர் என் கம்ப்யூட்டரில் நீலமாக இருக்கலாம். பெயரைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெயரும் வேர்டின் ஆப்ஷன்ஸில் யார் பெயர் பதிந்திருக்கிறதோ அதுதான். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீங்கள் திருத்தினால், கடைக்காரர் பெயரிலோ வெறும் 'யூசர்' என்றோதான் உங்கள் திருத்தம் பதிவாகும்.

கோடு போட்டதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு திருத்தமும் அந்த நிலையில் ஒரு கோரிக்கைதான். பொறுப்பில் இருப்பவர் அக்செப்ட் கொடுத்தால் பழையது போய்ப் புதியது நிலைக்கும், ரிஜெக்ட் கொடுத்தால் பழையதே நிற்கும். அதுவரை இரண்டுமே ஃபைலுக்குள் உயிரோடு இருக்கின்றன.

நான் 'உயிரோடு' என்று சொல்வது சும்மா அழகுக்கு இல்லை. ஒரு வேர்டு ஃபைலைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன ஃபைல்கள் கிடக்கும். உண்மையில் வேர்டு ஃபைல் என்பதே ஒரு ஜிப் மூட்டைதான். அதில் டாக்குமெண்ட் என்ற பெயருள்ள ஒன்றைத் திறந்தால், சேர்த்த சொல்லுக்கு முன்னும் பின்னும் 'இது சேர்த்தது, இன்னார், இந்தத் தேதி, இந்த மணி' என்று ஒரு குறி. அழித்த சொல்லுக்கும் அப்படியே 'இது அழித்தது' என்று ஒரு குறி. அழித்த சொல் முழுசாக அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதனால்தான் வேர்டில் 'நோ மார்க்கப்' என்ற பார்வையைக் கண்டாலே எனக்குப் பயம். ரிவ்யூ டேபில் இதைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள், நிறங்கள் எல்லாம் மறைந்து ஃபைல் பளிச்சென்று இருக்கும். பார்ப்பவர் 'சரி, திருத்தமெல்லாம் போய்விட்டது' என்று நினைத்து அனுப்பிவிடுவார். எதுவும் போகவில்லை. குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளியதுபோலத்தான். 'சிம்பிள் மார்க்கப்' இன்னும் கொஞ்சம் ஏமாற்றுக்காரன். ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு மட்டும் காட்டும். பழகாதவர் கண்ணுக்கு அது பிரின்டர் கோளாறுபோலத்தான் தெரியும். புதியவர்கள் எப்போதும் 'ஆல் மார்க்கப்' பார்வையிலேயே வேலை செய்யுங்கள். கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. லெபனான் நாட்டு முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலையைப் பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை 2005 அக்டோபரில் வேர்டு ஃபைலாக வெளியே போனது. மறைந்திருந்த திருத்தங்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, கடைசி நேரத்தில் எந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன, எத்தனை மணிக்கு நீக்கப்பட்டன என்பதுவரை தெரிந்துவிட்டது. உலகம் முழுக்கச் செய்தியானது.

எங்கள் அளவில் நடந்தது சின்னது. பைலாவின் ஒரு பிரதியை வேர்டில் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் ஏழு பிரின்ட் எடுத்து வரச் சொல்லி ஒரு தம்பியை அனுப்பினேன். கமெண்டுகளை நீக்க மறந்துவிட்டேன். திரையில் மார்க்கப் தெரிந்தால் பிரின்டிலும் அது வரும். ஏழு பிரதியிலும் வலது ஓரத்தில், துணைத்தலைவர் பதவிக்கு நேராக, 'இந்தப் பதவி எதுக்கு? சும்மா உக்காரவா?' என்ற கேள்வி அழகாக அச்சாகி வந்தது. துணைத்தலைவர்தான் முதல் பிரதியை வாங்கினார்.

வெளியே கொடுக்கும் முன் இரண்டு வேலை. எல்லாத் திருத்தங்களுக்கும் அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் கொடுத்துவிட்டு, கமெண்டுகளை அழித்துவிட வேண்டும். பிறகு ஃபைல் மெனுவில் இன்ஃபோவுக்குப் போனால் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்று ஒன்று உண்டு. கண்ணில் படாமல் தங்கிப்போனது ஏதாவது இருந்தால் அது தேடிச் சொல்லும்.

யோசனை சொல்பவர், முடிவெடுப்பவர்

கூகுள் டாக்ஸில் இதே காரியத்துக்கு சஜஸ்டிங் என்று பெயர். 2014இல் வந்தது. வலது மேல் மூலையில் பென்சில் படத்தை அழுத்தினால் எடிட்டிங், சஜஸ்டிங், வியூயிங் என்று மூன்று. சஜஸ்டிங்கில் இருந்தால் நீங்கள் எழுதுவதெல்லாம் யோசனையாக மட்டும் நிற்கும், பக்கத்தில் ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி. ஃபோனிலும் இது உண்டு, மூன்று புள்ளிகளுக்குள்ளே தேட வேண்டும்.

ஆனால் ஏழு பேரிடம் "எல்லாரும் சஜஸ்டிங்ல போட்டுக்கோங்க" என்று சொல்வது, காசிமேட்டில் காலை ஏலத்தின்போது மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்வது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கையில் விடாமல், லிங்க் கொடுக்கும்போதே கட்டுப்படுத்திவிட வேண்டும். ஷேர் செய்யும்போது மூன்று உரிமைகள் கேட்கும்: வியூவர், கமெண்டர், எடிட்டர். கமெண்டர் உரிமை உள்ளவர் கமெண்ட் போடலாம், யோசனையாகத் திருத்தமும் போடலாம், ஆனால் நேரடியாக ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஏழு பேரில் இரண்டு பேரை மட்டும் எடிட்டராக வைத்து மற்ற ஐந்து பேரையும் கமெண்டராக வைத்திருந்தால் எங்களுக்குச் சண்டையே வந்திருக்காது. நான் ஏழு பேரையும் எடிட்டராக்கிவிட்டு "திருத்தம் இருந்தா போடுங்க" என்றேன். அவர்களும் போட்டார்கள். ஏட்டைத் திறந்து கடை வாசலில் வைத்துவிட்டு, பேனாவையும் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும்.

வேர்டிலும் இதற்கு ஒரு வழி உண்டு. ட்ராக் சேஞ்சஸை ஆன் செய்து ஒரு பாஸ்வேர்டு போட்டு 'லாக் ட்ராக்கிங்' கொடுத்துவிட்டால், வாங்குபவர் அதை ஆஃப் செய்ய முடியாது. இது அவசரத்தில் கை தவறாமல் இருக்கத்தான். வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவரை இந்தப் பூட்டு நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம்.

பணம், பெயர், தேதி ஆகியவற்றில் திருத்தமாகக்கூடப் போடாமல் கமெண்டாகப் போடச் சொல்வது என் வழக்கம். 'சந்தாவை 400 ஆக்கலாமா?' என்று ஓரத்தில் கேட்டால் அதற்குக் கீழே நாலு பேர் பேசலாம். எண்ணின் மேல் கோடு போட்டு இன்னொரு எண்ணை எழுதிவிட்டால் பேச்சு நடக்காது, முறைப்புதான் நடக்கும்.

ஸ்கோர் ஷீட்

சரி, முந்நூறு எப்படி ஐந்நூறு ஆனது?

கேரம் ஆடுபவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆட்டத்தின் நடுவே போர்டைப் பார்த்தால் இப்போது எந்தக் காய் எங்கே கிடக்கிறது என்று தெரியும். எப்படி வந்து கிடக்கிறது என்று தெரியாது. முதல் போர்டில் யாருக்கு எத்தனை பாயிண்ட், ராணி யாருக்குப் போனது என்று கேட்டால் ஸ்கோர் ஷீட்டைத்தான் எடுக்க வேண்டும். வெர்ஷன் ஹிஸ்டரி அந்த ஸ்கோர் ஷீட். நீங்கள் ட்ராக் சேஞ்சஸ் போட்டீர்களா, சஜஸ்டிங்கில் இருந்தீர்களா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஃபைல் பிறந்த நாளிலிருந்து அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

கூகுள் டாக்ஸில் ஃபைல் மெனுவைத் திறந்து வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் வசதி. வலது பக்கம் தேதி, மணி, அதன் கீழே பெயர்கள் என்று வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் அந்த நேரத்தில் ஃபைல் எப்படி இருந்தது என்று காட்டும். யார் என்ன சேர்த்தார் என்பது அவரவர் நிறத்தில் இருக்கும், அழித்தது கோடு போட்டுத் தெரியும். ஆனால் எடிட்டர் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த ஏடு திறக்கும். கமெண்டருக்கும் வியூவருக்கும் திறக்காது.

நாங்கள் சனிக்கிழமை இரவு 11.42க்குப் போனோம். பொருளாளர் அக்கவுண்ட். எல்லோரும் "ஆங்!" என்றார்கள். அப்புறம் வரியைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை அங்கே இரண்டு வரிகள் இப்படி இருந்தன: முதல் வரியில் ஆண்டுச் சந்தா 300, இரண்டாம் வரியில் நுழைவுக் கட்டணம் 500. நுழைவுக் கட்டணம்தானே முதலில் வர வேண்டும் என்று நினைத்த பொருளாளர், ஃபோனில் படுத்துக்கொண்டே, முதல் வரியில் ஆண்டுச் சந்தாவை அழித்து நுழைவுக் கட்டணம் என்று எழுதியிருக்கிறார், இரண்டாம் வரியில் நுழைவுக் கட்டணத்தை அழித்து ஆண்டுச் சந்தா என்று எழுதியிருக்கிறார். சொற்களுக்கு மட்டும் நிறம் மாறியிருந்தது. 300க்கும் 500க்கும் நிறமே இல்லை. முந்நூறை அவர் உண்மையிலேயே தொடவில்லை! நுழைவுக் கட்டணம் 500லிருந்து 300 ஆகிவிட்டதை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பழைய நிலைக்குத் திரும்ப 'ரீஸ்டோர்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தப் பலருக்குப் பயம், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் போய்விடுமோ என்று. போகாது. பழைய நிலையே புதிய பக்கமாக ஏட்டின் மேலே சேரும், நடுவில் நடந்ததெல்லாம் ஏட்டில் அப்படியே இருக்கும். ஆனால் மற்ற ஆறு பேர் சனி, ஞாயிறில் செய்த நல்ல திருத்தங்களும் ஃபைலின் முகத்திலிருந்து போய்விடும் என்பதால் நாங்கள் ரீஸ்டோர் செய்யவில்லை. அந்த இரண்டு வரியை மட்டும் கையால் சரிசெய்தோம்.

நாள் ஆக ஆக இந்த ஏடு நீண்டுபோகும். அதனால் முக்கியமான கட்டத்தில் அந்த வெர்ஷனுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். 'கூட்டத்தில் படித்தது', 'வக்கீலுக்கு அனுப்பியது' என்பது மாதிரி. ஃபைனல், ஃபைனல் 2, உண்மையான ஃபைனல் என்று தனித்தனி ஃபைலாகச் சேர்த்துக்கொண்டே போகிற வியாதிக்கு இதுதான் மருந்து. 'மேக் எ காப்பி' கொடுத்தால் பிறக்கும் புது ஃபைலுக்குப் பழைய ஏடு வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த ஏட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால், அக்கவுண்ட்டுக்குள் நுழையாமல் வருகிறவர்களுக்குப் பெயர் இருக்காது. கேபிபாரா, ஆமை என்று ஏதோ ஒரு பிராணியின் பெயரில் திரையில் வந்துபோவார்கள். கேபிபாராவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. பெயர் இருந்தாலும் அது அக்கவுண்ட்டின் பெயர்தான். பொருளாளர் ஃபோனை அவர் மகள் எடுத்துத் தட்டியிருந்தாலும் ஏடு 'பொருளாளர்' என்றுதான் சொல்லும். பத்திரத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ரேகையும் கேட்பது சும்மா இல்லை.

வேர்டு வைத்திருப்பவர்களுக்கு: ஃபைலை மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்திருந்தால் அங்கும் இப்படி ஒரு ஏடு உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் தனியாகக் கிடக்கும் ஃபைலுக்குக் கிடையாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பத்தியில் டைப் செய்தால் எப்படிக் குழம்பாமல் இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'பத்தாவது ஆளுக்குப் பின்னால் நிற்கிறேன்' என்று சொல்லிவிட்டு வரும் நேரத்தில் மூன்றாவது இடத்தில் ஒருவர் நுழைந்துவிட்டார். இப்போது அந்தப் பத்தாவது ஆள் பதினொன்றாவது. உங்கள் இடமும் ஒன்று தள்ளிப்போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் 'இத்தனாவது இடத்தில் இந்த எழுத்து' என்ற கட்டளையாக வைத்துக்கொண்டு, முன்னால் வந்த கட்டளைகளுக்கு ஏற்ப எண்ணைத் தள்ளிப்போடும் இந்த முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் எழுதினார்கள். கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வந்ததுதான். கட்டளைகளை வரிசையாகச் சேர்த்து வைத்திருப்பதால்தான் வெர்ஷன் ஹிஸ்டரியில் பின்னோக்கிப் போக முடிகிறது.

ஏடே இல்லாதபோது

எங்கள் பைலாவை ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் வேர்டில்தான் பார்ப்பார். இறக்கி அனுப்பினோம். சஜஸ்டிங்கில் போட்டவை வேர்டுக்குப் போகும்போது ட்ராக் சேஞ்சஸாக மாறிப் போகும், வேர்டிலிருந்து வந்தால் சஜஸ்டிங்காக மாறி வரும். அந்த அளவுக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் வக்கீல் ட்ராக் சேஞ்சஸ் போடாமலே திருத்தி, வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினார். "பாத்துட்டேன், நல்லா இருக்கு" என்று ஒரு குரல் பதிவு. என்ன பார்த்தார், எதை மாற்றினார் என்று ஒரு தடயமும் இல்லை.

இதற்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வேர்டில் அதே ரிவ்யூ டேபில் கம்பேர். நாம் அனுப்பியதையும் அவர் அனுப்பியதையும் காட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ட்ராக் சேஞ்சஸ் போலவே கோடு போட்டு மூன்றாவது ஃபைலாகத் தரும். கூகுள் டாக்ஸிலும் டூல்ஸ் மெனுவில் கம்பேர் டாக்குமெண்ட்ஸ் இருக்கிறது. இரண்டு ஃபைலிலும் பொதுவாக, அதே வரிசையில் வருவதில் மிக நீளமானதைக் கண்டுபிடித்து, மீதியை வித்தியாசம் என்று காட்டுவதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1970களிலேயே டிஃப் என்ற பெயரில் வந்துவிட்டது. கம்பேர் எது மாறியது என்று சொல்லும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று சொல்லாது, அதற்குத் தெரியவும் தெரியாது. எங்கள் விஷயத்தில் அது போதுமாக இருந்தது. வக்கீல் மாற்றியது மூன்றே இடம்.

வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பி விளையாடுவதன் ஆபத்தும் இங்கேதான். ஏழு பேர் இறக்கிக்கொண்டு ஏழு பேரும் தனித்தனியாகத் திருத்தினால் ஏழு பைலா. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள், சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களைக் காட்டப் பாடபேதம் என்று அடிக்குறிப்பு போடுவார்களே, அந்த வேலையைச் செய்ய உட்கார வேண்டியதுதான். அவர்களுக்காவது நானூறு ஐந்நூறு வருஷம் இடைவெளி இருந்தது.

தமிழில் திருத்தும்போது

இங்கிலீஷில் எழுதியிருப்பவர்கள் சொல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்று, பழைய ஃபாண்ட். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள், பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் டைப் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் நீங்கள் பார்க்கும் 'அ' ஃபைலுக்குள் ஆங்கில எழுத்து 'எம்'. சட்டை மட்டும்தான் தமிழ். அப்படிப்பட்ட ஃபைலை யாராவது நடுவில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டால், ட்ராக் சேஞ்சஸ் ஆனில் இருந்தாலும் சரி, பிறகு கம்பேர் கொடுத்தாலும் சரி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எல்லாமே மாறிவிட்டதாகக் காட்டும். உண்மையான திருத்தம் அந்த வெள்ளத்தில் எங்கேயோ கிடக்கும். முதல் நாளே யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்பு பார்த்து, அதற்குப் பிறகுதான் ட்ராக் சேஞ்சஸை ஆன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கம்ப்யூட்டருக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். எங்கள் பைலாவில் கௌரவத் தலைவர் என்று ஒரு பதவி. நான் 'கௌ' என்று ஒரே உயிர்மெய்யாக டைப் செய்திருந்தேன். செயலாளர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைப் போட்டு எழுதுவார். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கம்பேர் கொடுத்தால் அடித்த சொல்லும் சேர்த்த சொல்லும் ஒன்றுபோலவே நிற்கும். "மெஷின் கெட்டுப்போச்சு" என்பார்கள். மெஷின் சரியாகத்தான் சொல்கிறது. 'தொகை' என்பதில் வரும் ஒகரக் குறியும் அப்படி. ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை.

மூன்றாவது, அடிக்கடி வருவது. 'உறுப்பனர்' என்று டைப் ஆகிவிட்டது. நடுவில் ஓர் இகரக் குறி மட்டும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் ட்ராக் சேஞ்சஸ் அந்தக் குறியை மட்டும் தனி நிறத்தில் பிரித்து வைக்கும். 'ப' ஒரு பக்கம், குறி புள்ளி வட்டத்தோடு தனியாக இன்னொரு பக்கம் என்று சிலநேரம் எழுத்தே உடைந்து நிற்கும். படிப்பவருக்கு என்ன திருத்தம் என்றே புரியாது. நான் என்ன செய்வேன் என்றால், முழுச் சொல்லையும் அழித்துவிட்டு முழுச் சொல்லாகவே மறுபடி டைப் செய்வேன். 'உறுப்பனர்' மேல் கோடு, பக்கத்தில் 'உறுப்பினர்'. பத்திரம் எழுதுகிறவர்களும் அரை எழுத்தை அடிக்க மாட்டார்கள், முழுச் சொல்லைத்தான் அடிப்பார்கள்.

பதிவுக்குப் போன நாளில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கதவு எண்ணைத் தவிர. பழைய எண்ணைப் போட்டிருந்தோம், புது எண் விட்டுப்போயிருந்தது. ஏழு பேரும் மூன்று வாரம் படித்த ஃபைல். அலுவலகத்தில் இருந்தவர் பேனாவை நீட்டினார். செயலாளர் ஒரு கோடு போட்டு, மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்து அதே எண்ணை அங்கேயும் மாற்றி, அந்த வெர்ஷனுக்கு 'பதிவுக்குக் கொடுத்தது, பேனாத் திருத்தத்தோடு' என்று பெயர் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பொருளாளரிடமிருந்து ஒரு கமெண்ட்: 'இது நான் இல்ல.'